றாஹிலாவின் கண்ணில் ஓர் அந்நியன்

மருதமுனை ஆதம்பாவாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வேலியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றவர்கள் வீட்டு வளவைச் சுற்றி ஆளுயரத்துக்குத் தென்னோலைக் கிடுகு கட்டினால் இவர் அதற்கு மேலே இன்னொரு முழம் கட்டுவார். கிடுகு காய்ந்து எங்காவது விரல் நுழையும் இடைவெளி விழுந்துவிட்டால் போதும், ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அதை அடைத்துவிட்டு வந்துதான் மறுபடி உட்காருவார். கடற்காற்றுக்கூட ஆதம்பாவாவிடம் கேட்டுவிட்டுத்தான் அந்த வளவுக்குள் வருகிறது என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அது அவர் காதில் விழுகிற அன்றைக்கு வேலியில் இன்னும் இரண்டு கிடுகு கூடும்.

வீடு அவருடையதல்ல. றாஹிலாவின் வாப்பா தன் ஒரே மகளுக்கு எழுதிக் கொடுத்த சீதன வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து சேருவார். கோபித்துக்கொண்டு வெளியேறுவதென்றாலும் அவர்தான் பெட்டியைத் தூக்க வேண்டும். தறியும் அந்த வேலியும் மட்டும்தான் ஆதம்பாவா சொந்தம் என்று சொல்லிக்கொள்ளக் கூடியவை.

ஆளைப் பார்த்தால் சாதுவான மனிதர். ஐந்து நேரத் தொழுகை தவறாது. தறியில் உட்கார்ந்தால் கைலிச் சாரன் கரை ஒரு நூல் கோணாது. ஆனால் மனைவியின் பெயரை இன்னோர் ஆணின் வாயில் கேட்டுவிட்டால் ஈரக்குலை எரிய ஆரம்பித்துவிடும். வளையல்காரன் தெருவில் வந்தால் இவரே ஓடிப்போய் வாங்குவார். றாஹிலாவின் கை அளவு பிடிபடாமல் பாதி வளையல் போடும்போதே உடையும். பக்கத்து வளவுத் தென்னையில் தேங்காய் பறிக்க ஆள் ஏறினால் அவன் இறங்குமட்டும் அவள் குசினிக்குள் இருக்க வேண்டும், அடுப்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

இந்த எரிச்சலுக்கெல்லாம் நடுநாயகமாக ஒருவர் இருந்தார். பெயர் ஷரிபுதீன். றாஹிலாவின் மாமி மகன், மச்சான் முறை. சின்ன வயதில் அவளை அவருக்குத்தான் பேசியிருந்தார்கள். பெரியவர்களின் ஏதோ வாய்த்தர்க்கத்தில் அது நின்றுபோனது. பிறகு ஷரிபுதீன் லொறி வாங்கி, கல்முனையிலிருந்து சாரனும் கருவாடும் கொழும்புக்கு ஏற்றிப் போகிற ஆளாகிவிட்டார். ஆள் நல்ல உயரம், நல்ல நிறம், நாற்பது கடந்தும் தலையில் ஒரு நரை கிடையாது. இதில் ஒவ்வொன்றும் ஆதம்பாவாவின் நெஞ்சில் தனித்தனியாகக் குத்தும்.

றாஹிலாவுக்கு இடது கண் குழந்தையிலேயே வைசூரியில் போய்விட்டது. கலியாணமாகி ஏழாம் வருஷம், இருபத்தேழு வயதில், நெல் தூற்றுகிற இடத்தில் நின்றபோது வலது கண்ணில் சுணை அடித்தது. யாரோ ஒரு பச்சிலைச் சாற்றைப் பிழிந்து விட்டார்கள். கண் பழுத்து, ஆறி, கருவிழியின் மேலே பால்கோப்பையின் அடிபோல ஒரு வெள்ளை நின்றுவிட்டது. போகப் போக அதற்கு உள்ளேயும் புகைச்சல் விழுந்தது. கடைசியில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிந்தன. பிள்ளையும் கிடைக்கவில்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகிவிட்டார்கள். அவளுக்கென்று மிஞ்சியது ஆதம்பாவா ஒருவர்தான்.

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு வந்த ஒன்பது வருஷமும்தான் ஆதம்பாவாவின் வாழ்க்கையிலேயே நிம்மதியான காலம். அவளை இன்னொருவன் பார்த்துவிடுவானோ என்ற பயம் பாதி, அவள் இன்னொருவனைப் பார்த்துவிடுவாளோ என்ற பயம் பாதி என்று வைத்துக்கொண்டால், பின்பாதி ஒரேயடியாக ஒழிந்துபோனது. அவள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரல் தடத்திலேயே நூல் சுற்றிக் கொடுப்பாள். "இஞ்சாருங்க, இது பச்சையா நீலமா?" என்று கேட்பாள். "பச்சை புள்ள" என்பார். மழை இருட்டிக்கொண்டு வருகிறதா, முருங்கை பூத்திருக்கிறதா, எதிர்வீட்டு சபியா உம்மாவின் பேத்தி யாரைப்போல இருக்கிறாள் என்பதெல்லாம் இவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

அந்தச் சலுகையை ஆதம்பாவா சும்மா விடவில்லை. ஷரிபுதீன் வந்துபோன அன்றைக்கெல்லாம், அவர் வேலிக் கடப்படி தாண்டியதும் மெதுவாக ஆரம்பிப்பார்.

"பாவம், ஆள் ஒடைஞ்சி போனார் புள்ள. முன்பல்லு ரெண்டும் விழுந்திட்டு. வகிறும் முன்னுக்குத் தள்ளியிரிக்கி."

"அல்லாஹ்வே, அந்த வயசுக்கா?" என்று றாஹிலா இரங்குவாள். ஒன்பது வருஷத்தில் ஷரிபுதீனின் தலைமயிர் முழுவதையும் ஆதம்பாவா வாயாலேயே கொட்டவைத்துவிட்டார்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரம் அடங்கி அடுத்த வருஷம், கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்குத்தர் ஒருவர் வந்து நோயாளிகளைப் பார்த்தார். றாஹிலாவையும் கூட்டிப் போனார்கள். அவர் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணுக்கு ஒரு வழி இருக்கிறது, கொழும்புக்குப் போங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆதம்பாவா கடிதத்தை மடித்துத் தறிக்கட்டையின் இடுக்கில் செருகினார். அது அங்கேயே ஆறு மாதம் கிடந்தது. "கலவரம் இப்பதான் அடங்கினது" என்பார். "வேல முடியட்டும்" என்பார். கடைசியில் விஷயம் ஷரிபுதீனுக்கு எட்டியது. அவர் வளவுக்குள் வந்து நின்று, "ஆதம்பாவா, ஒனக்கு நேரமில்லாட்டி நான் கூட்டிப்போறன். என்ட பொஞ்சாதியும் கொழும்புக்கு வரோணுமெண்டு நிக்கிறா" என்றார்.

அன்றே ஆதம்பாவா பெட்டி கட்டினார். மறுநாள் காலை பஸ்ஸில் மட்டக்களப்பு, அங்கிருந்து கோச்சி, ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மனைவியின் கண்ணுக்காகப் போகாத மனிதர், ஷரிபுதீன் கூட்டிப் போய்விடக் கூடாதே என்பதற்காகப் போனார்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் வாட்டு வேலைக்காரி ஒருத்தி இருந்தாள், சிவக்கொழுந்து என்று பெயர். சொந்த ஊர் வீரமுனை. இவர்களுடைய பேச்சைக் கேட்டதும் "எங்கட பக்கத்து ஆக்களல்லா!" என்று ஓடி வந்து ஒட்டிக்கொண்டாள், ஆதம்பாவாவை அண்ணனாக்கிக் காக்கா என்றாள். டாக்குத்தர் இங்கிலீசில் சொன்னதை அவள்தான் ஆதம்பாவாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"காக்கா, கவனமாக் கேளுங்க. கண்ணுக்கு முன்னால கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கு. இவவுக்கு அது வெளுத்துப்போச்சு. அதுக்கு உள்ளுக்க ஒரு மணி இருக்கு. அதுவும் மங்கிப்போச்சு. ஒண்டை முதல்ல செய்து, ஆறவிட்டு, அடுத்த வருசம் மற்றதைச் செய்யிறதுதான் வழக்கமாம். ஆனா இவவுக்கு இருக்கிறதே ஒரு கண். மாத்தி வெச்ச தோல் ரெண்டாம் வெட்டுக்குத் தாங்காமப் போகலாமாம். அதால முன்தோல வட்டமா வெட்டியெடுத்து, அந்த ஓட்டையாலயே உள்ளுக்க இருக்கிற மணியையும் எடுத்துப்போட்டு, புதுத்தோல வெச்சுத் தைக்கப் போறார். ரெண்டு வேலையும் ஒரே தரத்தில. கஷ்டமான வேலை, சரிவராமலும் போகலாம் எண்டு சொல்லச் சொல்லுறார்."

"புதுத்தோல் எங்கால வாற?"

"செத்த ஆக்களிட கண்ணில இருந்துதான். வாறமட்டும் காத்திருக்கோணும்."

ஆதம்பாவா தலையாட்டினார். யாராவது ஒரு கிழவியாக இருக்கும் என்று அவர் தன்பாட்டில் எண்ணிக்கொண்டார். ஏன் அப்படி எண்ணினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

பத்தொன்பது நாள் காத்திருந்தார்கள். அவர் மருதானையில் ஊர்க்காரர் ஒருவரின் சாரன் கடையில் படுத்து எழும்பி, பார்க்க விடுகிற நேரத்துக்கு முன்பே வந்து வாட்டு வாசலில் குந்தியிருப்பார். இருபதாம் நாள் அவர் வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருந்தது. பின்னேரம் அவளைக் கொண்டுவந்து, தலை அசையாதபடி இரண்டு பக்கமும் மணல்பை வைத்துப் படுக்கவைத்தார்கள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது காக்கா" என்றாள் சிவக்கொழுந்து. பிறகு, நல்ல சேதியோடு கூடச் சொல்லுகிற சேதியாக நினைத்து, "ஒரு வாலிபப் பொடியன்ட கண். இருபத்திரண்டு வயசாம். தாய்க்காரி அழுதழுது கையெழுத்துப் போட்டுக் குடுத்தவ" என்றாள்.

மனைவியின் கண் பிழைத்த சந்தோஷம் ஆதம்பாவாவின் நெஞ்சுக்கு வந்து சேருமுன்பே வாலிபன் என்ற சொல் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

கட்டுப் பிரித்து, தடித்த மூக்குக்கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்ட அன்றைக்கு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். றாஹிலா முதலில் தன் கைவிரல்களைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தலையை மெல்லத் திருப்பி இவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இஞ்சாருங்க, தாடியெல்லாம் நரைச்சிப் போச்சே. நீங்க சொல்லவேயில்லயே" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கக் கூடாது, தையல் இழுக்கும் என்று சிவக்கொழுந்து அதட்டினாள்.

ஆதம்பாவா அந்தக் கண்ணைப் பார்த்தார். வெள்ளை இல்லை. கருவிழி ஓரம் முழுவதும் மயிரிழைபோலத் தையல். நடுவே தெளிந்த கறுப்பு. அந்தக் கறுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, தலைவாரிய, மீசை அரும்பிய ஒருவன் தன்னைப் பார்ப்பதுபோல அவருக்கு இருந்தது. அவர் சாரனை இழுத்து இறுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்வை தோலில் இல்லை, மனிதருக்குள்ளே இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும், இப்படி ஒரு கிறுக்கு இருக்கும் என்று?

ஆறு கிழமையில், ஒன்றரை மாதம் கழித்து, தையல் எடுத்தார்கள். புறப்படும் நாளில் டாக்குத்தர் ஆதம்பாவாவையே முன்னால் நிறுத்தி வைத்துச் சொன்னார். மருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை. அவள் கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றும் தெரியாது, மாட்டினாலும் அந்தத் தடித்த வில்லைக்குள் தன் கண்ணைத் தானே பார்க்க முடியாது. அதனால் ஊற்றுகிறவர்தான் கண்ணையும் பார்க்க வேண்டும். சிவந்தாலோ, கூசினாலோ, புகைச்சல் விழுந்தாலோ அன்றைக்கே புறப்பட வேண்டும். ஒட்டவைத்த தோலை உடம்பு தள்ளப் பார்க்கும், உடனே வந்தால் நிறுத்தலாம், சுணங்கினால் போய்விடும். போனால் அந்தக் கண்ணை இன்னொரு தரம் வெட்டித் திறக்க முடியாது.

"அண்டைக்கே, காக்கா. வெளங்கிட்டுதா?" என்றாள் சிவக்கொழுந்து.

"ஓம்" என்றார் ஆதம்பாவா.

ஊர் வந்து சேர்ந்ததும் றாஹிலா பார்க்கத் தொடங்கினாள். முருங்கையைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், வேலியைப் பார்த்து "இவ்வளவு உசரமா?" என்று வாயைப் பிளந்தாள். இரண்டாம் நாள் ஷரிபுதீன் சுகம் விசாரிக்க வந்து கடப்படியில் நின்று இருமினார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் ஆதம்பாவாவைப் பார்த்தாள். மறுபடி ஷரிபுதீனைப் பார்த்தாள்.

அவர் போன பிறகு, "பல்லு விழுந்திட்டெண்டீங்க?" என்றாள்.

"கட்டியிரிப்பார்."

"மயிரு?"

ஆதம்பாவா நூலோட்டும் நாடாவைத் தேடுகிற பாவனையில் தறிக்குக் கீழே குனிந்துகொண்டார். றாஹிலா கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். அவள் அதைப் பகிடியாகவே எடுத்துக்கொண்டாள். அவருக்குத்தான் முகம் சுண்டிப்போனது. அழகான ஆணைப் பார்த்து அப்படி விழிக்கவைத்தது அந்த வாலிபனின் கண் என்று முடிவே கட்டிவிட்டார்.

அன்றுமுதல் வீட்டுக்குள் ஓர் அந்நிய ஆண் இருப்பதுபோல அவர் நடக்கத் தொடங்கினார். சட்டை மாற்றுவதென்றால் கதவுக்குப் பின்னால். சாப்பிடும்போது அவள் எதிரே உட்கார்ந்தால் சற்றுத் திரும்பி உட்காருவார். பாயைத் தறிக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் விரித்துக்கொண்டார். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"நான் என்ன குத்தம் செஞ்ச?"

"நீ ஒண்டும் செய்யல்ல புள்ள. அவன்தான்."

"எவன்?"

அவர் அவளுடைய கண்ணை நோக்கி விரலை நீட்டினார். றாஹிலாவுக்குச் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. "போய் லெவ்வையிட்டக் கேட்டுப்போட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்கு மார்க்கம் சொல்கிற அச்சிமுகம்மது லெவ்வை அசர் தொழுகை முடிந்து பள்ளி விறாந்தையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஆதம்பாவா சுற்றி வளைத்து, தலையைச் சொறிந்து, ஒருவழியாகக் கேட்டு முடித்தார். மனைவியின் முகத்தில் அந்நிய ஆணின் கண் இருந்தால், அவன் அவளுக்கு யார்? அவனுக்கு முன்னால் புருஷன் எப்படி இருக்க வேண்டும்? லெவ்வை வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது நான் படிச்ச கிதாபு ஒண்டுலயும் இல்ல ஆதம்பாவா. என்ட புத்திக்குப் பட்டதச் சொல்றன். ஒரு தாயிட பால ரெண்டு புள்ளையள் குடிச்சா அதுகள் என்ன முற?"

"பால்குடிச் சகோதரம்."

"குடிச்ச பாலுக்கே அப்பிடியெண்டா, தசையோட தசையாத் தைச்சி வெச்சதுக்கு? அவன் ஒன்ட பொஞ்சாதிக்குத் தம்பிடா. ஒனக்கு மச்சினன். எழும்பிப் போ."

ஆதம்பாவா வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். தம்பி. பரவாயில்லை, தம்பியென்றால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது றாஹிலா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"தம்பியா? எனக்கா?"

அவள் கேட்ட விதத்தைக் கேட்டதும், சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று ஆதம்பாவாவுக்கு அப்போதே தோன்றியது. கூடப்பிறந்த ஆண் இல்லாத பெண்ணுக்கு இந்த ஊரில் புருஷனைக் கேள்வி கேட்க ஆள் கிடையாது. பெருநாளைக்குச் சீலை கொண்டுவர ஆள் கிடையாது. முப்பத்தாறு வயதில் றாஹிலாவுக்கு ஒரு தம்பி கிடைத்தான். அவள் அவனைச் சும்மா விடுவாளா? பெயர் தெரியாத அந்தப் பொடியனுக்காக ஒரு வெள்ளிக்கிழமை மௌத்தானவர்களுக்காக ஓதும் கத்தம் ஓதுவித்து ஏழைகளுக்குச் சோறு கொடுத்தாள். சோற்றுச் சஹன் தட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கும் குசினிக்கும் நடந்தவர் ஆதம்பாவாதான். கைக்கெட்டாத இடத்தில் இருப்பவனுக்குத் தன் கையாலேயே விருந்து வைப்பதைப்போல வயிற்றெரிச்சல் வேறு கிடையாது. அன்றைக்கு அவர் ஒரு பிடி சோறுகூடத் தின்னவில்லை.

அதோடு முடிந்ததா? அவர் கோபத்தில் குரலை உயர்த்தினால், "மெதுவாக் கதைங்க, என்ட தம்பி பாத்துக்கிட்டிரிக்கான்" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். நூல் சுற்றும்போது தனக்குள் முணுமுணுப்பாள். ஒருநாள் ஆதம்பாவா காதைத் தீட்டிக் கேட்டார். "இது நீலம். என்ன தம்பி, நீலந்தானே?"

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒன்பது வருஷம் தன்னிடம் கேட்ட கேள்வி. பச்சையா நீலமா என்று கேட்டு, பதிலுக்காக முகத்தை இவர் பக்கம் உயர்த்தி வைத்திருப்பாளே, அந்த முகம் இப்போது நூலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீசை அரும்பிய வாலிபன் என்று நினைத்தபோது இருந்த எரிச்சல் ஒன்றுமேயில்லை. அவன் அவளைப் பறித்துவிடுவான் என்றுதான் முன்பு பயந்தார். இப்போது அவன் இவருடைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டான், அதுவும் லெவ்வையின் அனுமதியோடு.

மருந்து ஊற்றுகிற மூன்று வேளை மட்டும் அவருக்கென்று மிச்சம் இருந்தது. காலையும் பகலும் மாலை மஃரிபுத் தொழுகைக்கு முன்பும் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவருடைய மடியில் தலை வைத்துப் படுப்பாள். அவர் விரலால் இமையை விலக்கி ஒரு சொட்டு விடுவார். வழிந்ததைத் தலைப்பால் ஒற்றுவார். அந்தச் சில நிமிஷம் அவளுக்கு ஒன்றும் தெரியாது, இவர் மட்டும்தான் அவளைப் பார்ப்பார்.

மூன்றாம் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, இமையை விலக்கியவர் அப்படியே நிறுத்தினார். வெள்ளைவிழியில் சிவப்பு நரம்புகள் எழுந்திருந்தன. ஒட்டவைத்த தோலின் ஓரத்தில் மூச்சுப்பட்ட கண்ணாடிபோல லேசாக ஒரு மங்கல்.

"கொஞ்சம் கூசுறாப்போல இரிக்கி" என்றாள் மடியில் கிடந்தவள். "செவந்திரிக்கா?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். பத்து மணி பஸ் இருந்தது. ஆதம்பாவா அந்த மங்கலைப் பார்த்தார். போகிறான், என்று அவருக்குப் பட்டது. பொடியன் போகிறான்.

"இல்ல புள்ள" என்றார். "வெள்ளையாத்தான் இரிக்கி."

இதை எழுதும்போது எனக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. பொறாமைக்காரர் ஊருக்குப் பத்துப்பேர் உண்டு, நானும் பட்டவன்தான். ஆனால் மடியில் தலை வைத்துக் கேட்கிறவளிடம், தன்னைவிட்டால் வேறு யாரிடமும் கேட்க முடியாதவளிடம் அந்தப் பொய்யைச் சொல்ல எப்படி நாக்குப் புரண்டது? பகலும் கேட்டாள், மஃரிபுக்கு முன்பும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் மூன்று தரம் கேட்டாள், திங்கட்கிழமை காலையும் கேட்டாள். ஏழு தரமும் ஒரே பதில்.

அன்றைக்குப் பத்து மணி தாண்டி நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். நூல்கண்டை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள்.

"இஞ்சாருங்க, இது பச்சையா நீலமா?"

எத்தனை நாள் ஏங்கிய கேள்வி! ஆதம்பாவாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. "பச்சை புள்ள, பச்சை" என்று இரண்டு தரம் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, மற்ற நூலைப் பழையபடி பாயை உள்ளங்கையால் தடவித் தேடத் தொடங்கினாள். தடவிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"என்ட பாவந்தான். நான்தான் என்னமோ கவனமில்லாம இரிந்திட்டன். அந்த உம்மா அழுதழுது குடுத்தாவே, அத வெச்சிக்கத் தெரியாம பாழாக்கிட்டனே."

அவள் தன்னைத்தான் குற்றம் சொன்னாள். ஆதம்பாவாவுக்கு அதுவரை குளிர்ந்திருந்த நெஞ்சு சட்டென்று கனத்தது. செய்த வேலை இன்னதென்று அப்போதுதான் உறைத்தது. தறியைவிட்டு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"செவந்துதான் இரிக்கி புள்ள" என்றார்.

தடவிய கை நின்றது. "எப்ப இருந்து?"

"சனிக்கிழம."

அவள் கத்தியிருந்தால், வீட்டைவிட்டு இறங்கு என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எழுந்துபோய்ப் பெட்டியைத் தடவி எடுத்து இரண்டு சீலையை மடித்து வைத்தாள்.

பஸ் போய்விட்டது. கொழும்புக்குப் போகிற ஒரே வண்டி ஷரிபுதீனின் லொறிதான், அதுவும் புறப்படுகிற நேரம். கலியாணமான நாளிலிருந்து மிதிக்காத அந்த வாசலுக்கு ஆதம்பாவா ஓடினார். "காக்கா, எங்களயும் ஏத்திப்போங்க" என்றார். ஷரிபுதீன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பின்னால் கருவாட்டுத் தூசு கண்ணுக்கு ஆகாது என்று முன்சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். ஷரிபுதீனுக்கும் றாஹிலாவுக்கும் நடுவில் கியர்க்கட்டை முழங்காலில் இடிக்க இடிக்க ஆதம்பாவா கொழும்புவரைக்கும் போனார்.

டாக்குத்தர் விளக்கைப் பிடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து என்று கேட்டார். சிவக்கொழுந்து தமிழில் திருப்பிக் கேட்டாள். ஆதம்பாவா வாயைத் திறக்குமுன் றாஹிலா சொன்னாள்.

"எனக்கு நேத்துத்தான் தெரியும். இவருக்குச் சனிக்கிழமையே தெரியும்."

சிவக்கொழுந்து ஒரு தரம் ஆதம்பாவாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு சொல்லும் குறைக்காமல் டாக்குத்தரிடம் சொன்னாள். அவர் மருந்து எழுதத் திரும்பிவிட்டார்.

மூன்று கிழமை வாட்டில் வைத்து, மணிக்கொரு தரம் மருந்து விட்டு, போகப் போன கண்ணைப் பெரும்பாகமும் மீட்டுக் கொடுத்தார்கள். ஓரத்து மங்கல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. முகம் தெரியும், வழி தெரியும், முருங்கை தெரியும். பச்சை நூலும் நீல நூலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் இனிப் பிரித்தறிய முடியாது. முதல்நாளே வந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கும் என்று டாக்குத்தர் சொன்னதைச் சிவக்கொழுந்து றாஹிலாவிடம் மட்டும் சொன்னாள். அந்த மூன்று கிழமையும் அவள் றாஹிலாவுக்கு வேறொன்றையும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது என்னவென்று ஆதம்பாவாவுக்குத் தெரியாது.

ஊருக்கு வந்த மறுநாள் காலை ஆதம்பாவா பாயை விரித்தார். மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு, முழங்காலை மடித்து உட்கார்ந்து மடியைச் சரி செய்துகொண்டார். றாஹிலா வந்தாள். குனிந்து அவர் கையிலிருந்த போத்தலை எடுத்தாள். பாயின் மறுகோடியில் தலைக்கு ஒரு சீலையை மடித்து வைத்துக்கொண்டு படுத்தாள். கண்ணாடியைக் கழற்றி நெஞ்சின்மேல் வைத்தாள். இடது கையால் இமையை விலக்கி, வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில் வழிந்தது. மூன்றாவதுதான் கண்ணுக்குள் போனது.

ஆதம்பாவா பார்த்துக்கொண்டே இருந்தார். ஷரிபுதீன்மேல் பொறாமைப்பட்டாயிற்று, செத்துப்போன பொடியன்மேலும் பட்டாயிற்று. இப்போது அவளுடைய அந்த வலது கையின்மேல் அவருக்குப் பொறாமை வந்தது.

"தா புள்ள, நான் ஊத்துறன்" என்றார். "மருந்து வீணாப் போகுது."

அவள் கண்ணை மூடியபடியே கிடந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"வீணாப் போனாப் போகட்டும்" என்றாள். "ஒங்கட கண்ணால நான் பாத்தது போதும்."